உபவாசம்

இடுப்புக்குக் கீழே சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் அது குளிர்ந்தும்விட்டது.

அவர் கூப்பிடவில்லை.

முனகிக் கூப்பிட்டால் வருவாள். கூப்பிடாவிட்டாலும் வருவாள், வாடையே போய்ச் சொல்லிவிடும். ஆனாலும் அதுவரைக்கும் மிஞ்சுகிற கொஞ்ச நேர மானத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் மஸ்கட்டில். வீட்டில் இருப்பது மருமகள் எப்சிபா ஒருத்திதான்.

வந்தாள். வேட்டியை உருவினாள். அவரை ஒருக்களிக்கச் சாய்த்து, வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பொன்னாடை போர்த்திக்கொண்டு அவரே நின்றிருந்தார், சட்டத்துக்குள். சர்ச் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியின் செயலர். அந்த ஆளின் முகத்தில் விழிக்கவும் கூச்சமாக இருந்தது.

பிறகு அவள் கையைக் கழுவி, கஞ்சியை ஆற வைத்து, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேய்ப்பன் சங்கீதம். தினமும் அதுதான். எத்தனை அடக்க ஆராதனைகளில் அவரே எழுந்து அதை முழங்கியிருப்பார். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வாசிக்கிற குரல் அது. பக்கவாதம் வந்து நாக்கை மடக்கிப் போட்டுவிட்டது. இப்போது அவள் வாசிக்கிறாள், அவர் கேட்கிறார்.

அதைக் கேட்கத்தான் உயிர் கிடக்கிறது.

மரண இருளின் பள்ளத்தாக்கு வரும்போது அவருக்குப் பயமில்லை. அங்கேதானே கிடக்கிறார். அங்கேயும் ஒருவர் கூட இருக்கிறார் என்று அவள் வாசிக்கும்போது நெஞ்சின் இரைப்பு அடங்கிவிடும். எந்த மாத்திரைக்கும் அது அப்படி அடங்கினதில்லை.

அடுத்த வசனம்தான் ஆகாது.

பந்தி. நிரம்பி வழிகிற பாத்திரம்.

அது வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போன நாள். மகன் பிடித்த பிடி அப்படி, இல்லாவிட்டால் அந்தக் காலனிக்குள் அவர் கால் வைப்பாரா? அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். தண்ணீர் ஒன்று, தெரு வேறு. கதவுத் திரைக்குப் பின்னால் பெண் நின்றிருந்தாள். அவள் அம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். ஒட்டியிருந்த லேபிள்கூடக் கிழிக்காத புது டம்ளர். அவருக்கென்றே வாங்கியது.

"இன்னைக்கு நமக்கு உபவாசம், பாத்துக்கிடுங்க" என்றார்.

தெரியாமல் நீட்டிவிட்டதற்கு அந்த அம்மாள் மன்னிப்பு வேறு கேட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனாள். அவர் பஸ் ஸ்டாண்டில் போய் டீயும் வடையுமாக உபவாசத்தை முடித்துக்கொண்டார்.

சபையிலும் இந்தச் சாமர்த்தியத்துக்குக் குறைச்சலில்லை. திருவிருந்து என்றால் முதல் வரிசையில் முழங்கால் போட்டுவிடுவார். என்ன பக்தி என்றார்கள். எல்லாரும் திராட்சரசம் பருக இருப்பது ஒரே பாத்திரம். காலனிக்காரர்களின் உதடு படுவதற்கு முன்னால் தன் உதடு பட்டுவிட வேண்டும். பக்தி அவ்வளவுதான்.

ஆண்டவருக்குத் தெரியும். மனுஷருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

எப்சிபா வாசித்துக்கொண்டே வந்தாள். பள்ளத்தாக்கு. பந்தி. பாத்திரம்.

அவர் கண்ணை மூடினார்.

அவள் நிறுத்திவிட்டாள். கஞ்சியில் ஏடு படிந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்பூனில் எடுத்துத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். அந்த ஸ்பூனைத் தட்டில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

எப்போதும் இரண்டு ஸ்பூன். அவர் சொல்லிச் செய்ததில்லை. ஏன் என்று அவர் கேட்டதுமில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

இன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. தின்பதால்தானே கழிகிறது. கழிவதை அவள்தானே அள்ளுகிறாள். இப்படியே பட்டினி கிடந்து போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஸ்பூன் உதட்டருகில் வந்து நின்றது.

"இன்னைக்கும் உபவாசமா மாமா?"

குத்தல் இல்லை. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

இன்னைக்கு அல்ல. இன்னைக்கும்.

தெரிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்ற அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இந்த வீட்டுக்கு வந்தாள். தெரிந்துகொண்டேதான் அள்ளுகிறாள்.

நனைந்த வேட்டிக்கு வந்ததெல்லாம் ஒரு வெட்கமா? இதுதான் வெட்கம். உடம்பில் அதை ஒளித்துவைக்க ஓர் இடமில்லை. என்னவோ சொல்லப் பார்த்தார். நாக்கு புரளவில்லை, எச்சில்தான் வழிந்தது.

இடது கையில் மட்டும் கொஞ்சம் தெம்பு பாக்கி இருந்தது. அதைத் தூக்கி, அவள் நீட்டிய ஸ்பூனை விலக்கினார்.

அவள் முகம் வாடிவிட்டது.

கை அங்கே நிற்கவில்லை. தடுமாறிக்கொண்டு தட்டுக்குப் போனது. அவள் உதட்டில் வைத்துப் பார்த்த ஸ்பூனைத் தேடிப் பிடித்தது.

அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

எப்சிபா அந்த ஸ்பூனை அவர் கையிலிருந்து வாங்கினாள். கஞ்சியை அள்ளி உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். அதிலேயே ஊட்டினாள்.

கிண்ணம் காலியானதும் அவர் தாடையைத் துடைத்துவிட்டு, வேதப்புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள்.

இன்னும் ஒரு வசனம் மீதி இருந்தது.