எட்டாவது கை கேட்ட கேள்வி

கடலடியில் ஓர் ஆக்டோபஸ். எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று அதன் தலைக்கு ஒரு பிடிவாதம். பாறை இடுக்குக்குள் நுழைந்த எட்டாவது கை, "தலைவரே, நண்டு! தொட்டதுமே ருசி தெரியுது, பிடிக்கட்டுமா?" என்றது.

"கல்லா இருக்கும், பொறு" என்று தலை யோசிப்பதற்குள் நண்டு ஓடிவிட்டது. இப்படியே நாலு நாள் பட்டினி.

"இனி உங்க இஷ்டம்" என்றது தலை.

மறுநாள் எட்டுக் கைகளிலும் இரை. இதுகளுக்கு இவ்வளவு தெரியுமா என்று தலை வியந்துகொண்டிருந்தபோது, தூரத்தில் சுறா வருவது தெரிந்தது.

"விடுங்க, ஓடிடலாம்!"

ஏழு கைகள் விட்டன. இடுக்குக்குள் இருந்த எட்டாவது கை, "சுறாவா? இங்கே ஒண்ணும் இல்லையே" என்றது.

"கண்ணு எங்கிட்டதானே இருக்கு? நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"நான் நண்டுன்னு சொன்னப்ப நீங்க நம்புனீங்களா?" என்று கேட்டபடியே கை பிடியை விட்டது.