படகுக்குச் சொந்தக்காரர்

"அந்தப் படகு என்னோடது மேடம்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்ததும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். உதவித்தொகை விசாரணைக்காகக் காலையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மனு கொடுத்திருந்த பெண்ணுக்குக் கணவன் இறந்து எட்டு மாதம். இரண்டு பெண் பிள்ளைகள். இறால் உரிக்கும் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை, அதுவும் வரத்து இருந்தால். பதின்மூன்று கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டாள். பதினாலாவது, சொந்தமாக எஞ்சின் படகு உண்டா என்பது.

"என் வீட்டுக்காரரோட படகு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள்தான் பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார்.

அறுபதைத் தாண்டிய பழைய எஞ்சின் மெக்கானிக். ஊரில் அவருக்கு 'வம்பு' என்றே பெயர். வேலி அரையடி தள்ளி நிற்கிறது என்று இந்தக் குடும்பத்தோடு பத்து வருடமாகச் சண்டை.

"எது உங்க படகு? அவர் ராத்திரி பகல் பார்க்காம உழைச்சு வாங்கினது," என்றாள் அவள்.

"வாங்கினது அவன்தான். எஞ்சின் ரிப்பேர் பண்ணின கூலிக்குப் பதிலா என்கிட்ட விட்டுட்டான். உனக்குத் தெரியாது."

"செத்தவர் எழுந்து வந்து சொல்ல மாட்டார்ங்கிற தைரியம்தானே?"

"காகிதம் ஏதாவது இருக்கா பெரியவரே?" அதிகாரி கடுப்போடு கேட்டார்.

"இந்த மாதிரிச் சின்னப் படகுக்கெல்லாம் யாரு மேடம் காகிதம் வச்சிருக்கா? ஒரு வெள்ளைத்தாள் கொடுங்க. என்னோடதுன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சொன்னதோடு நிற்காமல் வேலியைச் சுற்றி வந்து, பேனாவையும் அவரே கேட்டு வாங்கி, அவள் வீட்டு வாசலில் கிடந்த அந்தப் படகின் விளிம்பில் தாளை வைத்து எழுதியும் கொடுத்துவிட்டார். அப்படி ஓர் அவசரம். எழுதி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அதிகாரிக்கு ஆத்திரமாக வந்தது. அவள் புருஷன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பிடுங்கித் தின்ன வந்துவிட்டாரே மனுஷன். அதுவும் அரசாங்க அதிகாரியின் கண்ணெதிரே.

ஆனாலும் அந்தத் தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் அவர் பக்கமா மேடம்?"

"உள்ளே வாங்கம்மா, சொல்றேன்."

உள்ளே வந்ததும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "எஞ்சின் படகு வச்சிருக்கிறவங்களுக்கு உதவித்தொகை கிடையாது. அது உங்களோடதுன்னு நான் எழுதினா மனு இன்னிக்கே தள்ளுபடி ஆயிடும்."

"அந்த எஞ்சின் ஓடியே ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். பழைய இரும்புக்காரன்கூட வேண்டாம்னு போயிட்டான்."

"ஓடுதா ஓடலையான்னு படிவம் கேட்கல. இருக்கான்னுதான் கேட்குது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த உதவியும் இல்லையென்றால் பெரியவளைப் படிப்பை நிறுத்தி இறால் உரிக்க அனுப்புவதுதான் மிச்சம். "அப்போ இல்லைன்னு பொய் சொல்லவா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவரே எழுதிக் கொடுத்துட்டார். அந்த ஆளோட பேராசை, அவருக்கே தெரியாம உங்களுக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கு. கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். "தின்னுட்டு நல்லா இருக்கட்டும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்த அதிகாரி அடுத்த மனுவை எடுத்தார். முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீடேதான்.

எஞ்சின் மெக்கானிக். முதுகு போய்விட்டதால் வேலைக்குப் போக முடியவில்லை. பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. இது அவருடைய இரண்டாவது மனு. முதல் மனு போன வருடம் தள்ளுபடியாகியிருந்தது. அலுவலகம் சிவப்பு மையில் காரணம் எழுதியிருந்தது: 'எஞ்சின் படகு உள்ளது.' புது மனுவில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: 'என்னுடைய பழைய படகைப் போன வருடமே வெளியூருக்கு விற்றுவிட்டேன். இப்போது என்னிடம் எந்தப் படகும் இல்லை.'

அதிகாரி இரண்டு தடவை படித்தார். பேராசை என்று சொன்ன தன் வாயை நினைத்து வெட்கமாக இருந்தது.

மெக்கானிக் வாசற்படியில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் படகு விதி தெரிஞ்சேதான் எழுதிக் கொடுத்தீங்களா?"

அவர் வேறு பக்கம் பார்த்தபடி இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

"பத்து வருஷமா அவங்களோட சண்டைன்னு ஊரே சொல்லுது."

"சண்டை வேலிக்குத்தானே மேடம். அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

அதிகாரி ஃபைலைத் திறந்தார். மடித்து வைத்திருந்த அந்தத் தாளை வெளியே எடுத்தார். "பெரியவரே, இது இருந்தா உங்களுக்கு எதுவும் கிடைக்காது. இதைக் கிழிச்சுடறேன். அவங்களுக்கு வேற ஏதாவது வழி இருக்கான்னு பார்க்கலாம்."

"மெதுவா பேசுங்க, அவளுக்குக் கேட்டுடப்போகுது." அவர் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதிகாரியின் கையிலிருந்த தன்னுடைய மனுவைத் தொட்டுக் காட்டினார்.

"கிழிக்கணும்னா இதைக் கிழிங்க மேடம்."