வாளிக்குப் போன துண்டு

காலையில் பல் துலக்குகிறேன். துப்பியதைக் குனிந்து பார்க்கிறேன். வெள்ளை நுரைதான். இருந்தாலும் நம்பிக்கை வருவதில்லை. என் மனைவி சிந்துஜா துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. கீழ் ஈறில் மிளகளவு கட்டி. "வெறும் ரத்தக் கட்டிம்மா, பல்லுல காரை படிஞ்சா வரும்" என்று பல் மருத்துவர் அதை வெட்டியெடுத்துப் பஞ்சோடு வாளியில் போட்டார். "டெஸ்டுக்கு அனுப்பலையா, சார்?" என்றாள். "இதுக்கெல்லாமா?" என்று சிரித்தார். கட்டி மறுபடியும் வளர்ந்தது. அந்தத் துண்டும் வாளிக்கே போனது. மூன்றாவதைத்தான் பெரிய மருத்துவமனையில் சோதித்தார்கள். ரத்தக் குழாயில் வரும் புற்று, வாயில் வருவது மிக அபூர்வம் என்றார்கள். முதல் துண்டிலேயே இருந்ததா என்று கேட்டேன். அந்தத் துண்டு இருந்தால்தானே பார்த்துச் சொல்ல முடியும் என்றார்கள். தாடையை எடுத்து, தொண்டையில் குழாய் வைத்தார்கள். அதன்பிறகு அவள் பேசவேயில்லை, வீடு திரும்பவுமில்லை. "மாப்பிள்ளையைப் பாத்துக்கோம்மா" என்றுதான் கடைசியாகச் சொன்னாள் என்று அவளுடைய அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. ஆனால் தாடையை எடுத்த அன்று ஆபரேஷன் அறை வாசலில் நான்தான் பக்கத்தில் நின்றேன். முகமூடி போட்டிருந்த டாக்டரை அண்ணாந்து பார்த்து அவள் சொன்னாள்: "இதையாச்சும் தூக்கிப் போட்டுடாதீங்க, சார்."