சீனி டப்பாவில் குருட்டுப் பாம்பு

நவம்பர் ஒன்பது. பாம்பைச் சீனி டப்பாவில் பிடித்தது தவறு. சீனி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மாலை நேர எழுத்து வகுப்புக்குத் தினமும் தான் செய்த ஒரு தவறை எழுதியாக வேண்டும். எழுதி முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழியருகே போய் ஒன்றும் அறியாதவள்போல நின்றாள் ரொஹாயா.

குழி பூன் டெக்கினுடையது. அவள் படுக்கையறைச் சுவரை ஒட்டி, ராத்திரியில் மைக்கில் பாட ஒரு கரோக்கே கூடம் கட்டப் போகிறார். மறுநாள் காங்கிரீட்.

இந்தக் கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே வாழும் அரிய குருட்டுப் பாம்பு அகப்பட்ட இடத்தில், சட்டப்படி, பிறகு மண்வெட்டி படக்கூடாது. அதே சாயலில் ஒரு சாதாரண ரகம் எல்லார் கொல்லையிலும் நெளியும். தன் சமையலறைக்குப் பின்னால் கிடைத்த அப்படியொன்றைக் குழியில் போட்டுவிட்டு, பெயர் சொல்லாமல் வனக்காவலர் அஸ்மிக்குப் போன் செய்திருந்தாள். புது ஆள், ஏமாந்தாலும் ஏமாறுவான்.

அஸ்மி பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அங்கிள், கூடத்தை மறந்துடுங்க. இது அசல்!"

ரொஹாயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூன் டெக் மண்மேட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க. இனிமே பேப்பர்ல, டிவில எல்லாம் உங்க படம்தான். பெர்த்திலேர்ந்தே ஆளுங்க வருவாங்க."

பூன் டெக் எழுந்து தலையை வாரிக்கொண்டார். "நான் கண்டுபிடிச்சதுன்னு போடுவாங்களா?"

"உங்க குழிதானே!"

"நீங்களா? கண்ணாடி இல்லாம சோத்துல கல்லுகூடத் தெரியாது உங்களுக்கு!" என்றாள் ரொஹாயா.

"பொறாமைப்படாத லா. மண்புழுவுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு? போய்க் காப்பி போடு. டிவிக்காரங்க வந்தா நீயும் ஓரமா நின்னுக்க."

"ஓரமாவா? அதைப் பிடிச்சதே நான்தான்! என் சமையலறைக்குப் பின்னால!"

அஸ்மி பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தான்.

"அப்ப நாளைக்குக் காலையில உங்க சமையலறையைச் சுத்தி வேலி போடணும், அக்கா. அங்கிள், நீங்க காங்கிரீட்டக் கொட்டுங்க."