வெயிலில் காட்டிய பிலிம்

"கேமராவை இப்படிக் கொடும்மா!"

வீட்டுக்காரர் கத்தினார். அவருடைய ஒரு கை இன்னும் தண்ணீர்க் குழாயின் வால்வு மேலேயே இருந்தது.

"எதுக்கு சார்? புதுசா ஒரு கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கினேன். இருக்கறதுலயே விலை குறைஞ்சது. எப்படி வருதுன்னு பார்க்க சுவர், நிழல், குழாய்னு எடுத்துட்டிருந்தேன். நடுவுல நீங்களா வந்து நின்னீங்க."

மாடியில் குடியிருக்கும் அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். லீவு நாளில் பழைய கேமராவும் கையுமாகத் திரிவது அவள் பொழுதுபோக்கு. இன்றைக்குச் சிக்கியதோ லேசுப்பட்ட படமில்லை. மோட்டார் கெட்டுவிட்டது, முடியாதவர்கள் காலி செய்துகொள்ளலாம் என்று சொல்லி நாலு குடித்தனத்தையும் குடத்தோடு தெருவில் அலையவிட்ட மகானுபாவர், தன் கையாலேயே வால்வை மூடிக்கொண்டிருந்தார். விடுவாளா? நாலைந்து தடவை கிளிக் செய்துவிட்டாள்.

"நமக்கெதுக்கு வம்பு? கொடுத்துடு" என்றான், சத்தம் கேட்டு ஓடிவந்த கணவன்.

"கொடுக்க மாட்டேங்க. ஒரு வாளித் தண்ணிக்கு நாய் படாத பாடு படறோம். அடுத்த வாரம் நம்ம நாலு குடித்தனமும் கூடற கூட்டத்துல எல்லார் முன்னாடியும் இந்தப் படத்தைக் காட்டத்தான் போறேன்."

வீட்டுக்காரர் எட்டிப் பிடுங்கினார். பின்மூடியைத் திறந்து, உள்ளே நீண்டு கிடந்த பிலிமை வெயிலில் ஆசைதீரக் காட்டினார். பிறகு பட்டென்று மூடி அவள் கையில் திணித்தார்.

"போன்ல எடுத்திருந்தா மாட்டியிருப்பேன். பிலிம்ல எடுத்தே பாரு, நீ கெட்டிக்காரி! இப்பக் காட்டு, பார்க்கலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூட்டத்துக்கு மறக்காம வந்துடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

"எல்லாம் போச்சு, இன்னும் என்ன வீராப்பு?" என்று முணுமுணுத்தபடி கணவன் பின்னால் போனான்.

அடுத்த வாரம், கூட்டத்தில் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துப் பேசினார்.

"சத்தியமா மோட்டார்தான் ரிப்பேர். அந்த வால்வை நான் தொட்டதுகூட இல்லை."

அவள் எழுந்து போய் மேஜைமேல் ஒரு படத்தை வைத்தாள். மலிவு பிலிம்தான், புள்ளி புள்ளியாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் வால்வும், அதைத் திருகும் கையும், அந்தக் கைக்குரியவரின் முகமும் பளிச்சென்று தெரிந்தன.

வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"இது எப்படி வந்துச்சு? நான்தான் அன்னிக்கே மொத்தத்தையும் வெயில்ல காட்டி அழிச்சேனே!"

நாலு குடித்தனமும் அவரையே பார்த்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்தக் கேமரா, பிலிம் போட்டதுமே முழுசையும் டப்பாவிலேர்ந்து வெளியே இழுத்து வச்சுக்கும் சார். அப்புறம் ஒவ்வொரு படமா எடுக்க எடுக்க, அது பத்திரமா டப்பாவுக்குள்ள திரும்பிப் போயிடும்" என்றாள் அவள். "நீங்க அழிச்சது, நான் இன்னும் எடுக்காத படங்களை."