முதல் வாய்

கடைக்காரர் நீட்டிய சுட்ட சோளக் கதிரை வெடுக்கென்று வாங்கி ஒரு கடி கடித்தார் சமையல்காரர். வாங்கப் போன மனைவியின் கை அந்தரத்தில் நின்றது.

"ஏங்க, பக்கத்துல சம்சாரம் நிக்கிறாங்க. முதல்ல அவங்களுக்குக் குடுக்கக் கூடாதா?" பின்னால் குடை பிடித்து நின்ற அம்மாள் கேட்டே விட்டாள்.

அவர் காதில் வாங்கவில்லை. "உப்பு தூக்கல். எலுமிச்சை சரியா இருக்கு. காரம் பத்தாது," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கடித்த கதிரை மனைவியிடம் கொடுத்தார். "நீ சொல்லு."

அவள் மென்றாள். "ஆமா, உப்பு கொஞ்சம் தூக்கல்தான்."

அவளுக்கு உப்பும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் நாக்கின் ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாயில் இருப்பது சூடா, ஜில்லென்று இருக்கிறதா, மொறுமொறுப்பா, கொழகொழப்பா என்பது மட்டும் தெரியும். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். "வந்தாலும் வரும். பொறுத்துத்தான் பார்க்கணும்," என்றார் அவர். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எப்படிச் சொல்வது? ஹாஸ்டல் சமையலறையில் யார் யாருக்கோ ஆக்கிக் கொட்டிய மனுஷன், அடுத்த கோடையில் இதே தெருவில் சொந்தமாகக் கடை போடப் போகிறார். என்ன போட்டால் எடுபடும் என்று பார்க்கத்தான் இந்தச் சனியும் ஞாயிறும் கடை கடையாக ஏறி இறங்குவது. கல்யாணமான நாளிலிருந்து எதை அடுப்பிலிருந்து இறக்கினாலும் முதல் கரண்டி அவளுக்குத்தான். "உன் நாக்கு சரின்னா ஊரே சரின்னு சொல்லும்," என்பார். அந்த நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால், கடையும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார்.

நல்லவேளை, மனுஷன் கொஞ்ச நாளாக மாறியிருந்தார். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, எதிலும் முதல் வாய் அவருக்குத்தான். வயசானால் நாக்கு நீளும் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் ஒரு ஓரத்தில் வலிக்கத்தான் செய்தது.

மீன் கடையிலும் அதே கதை. தட்டு வந்ததும் பாய்ந்தார். "மிளகு நெடி மூக்குல ஏறுது. மீன் புதுசு."

"ஆமாங்க, நல்ல புது மீன்."

உருளைக்கிழங்கு வறுக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இவரு ஒரு வாரமா பட்டினி போலிருக்குடி. பாவம் அந்தம்மா."

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் கிழங்கை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. "நீ இப்படி நிழல்ல நில்லு. தண்ணி வாங்கிட்டு வரேன்," என்று அவர் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

நிழல் இருந்தது ஒரு ஜூஸ் கடையின் படுதாவுக்குக் கீழேதான். கடைக்காரப் பெண் ஒரு டம்ளரை நீட்டினாள். "அக்கா, இன்னைக்குத்தான் புதுசா பண்ணேன். முதல் ஆளா குடிச்சுச் சொல்லுங்களேன்."

"அவர் வந்துடட்டுமே..."

"அதுக்குள்ள ஐஸ் கரைஞ்சுடும்க்கா."

கூட்டத்தில் அவர் தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. ஒரு வாய் குடித்தாள். ஜில்லென்று இறங்கியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கும்மா. இனிப்பு அளவா போட்டிருக்க."

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. "இனிப்பா? சர்க்கரையே போடலையேக்கா. எலுமிச்சையோட உப்பும் இஞ்சியும்தான்."

திரும்பினாள். தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார் அவர்.

அவர் டம்ளரை வாங்கி மிச்சத்தையும் மடமடவென்று குடித்தார். "இனிக்கத்தான் செய்யுது. எலுமிச்சை நல்லாப் பழுத்திருக்கும்," என்றார். அந்தப் பெண் குழம்பிப்போய்த் தானே ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

தெருக்கோடி மரத்தடிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் நாக்கு..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சல் விட்டதும் உனக்கு சூப் வெச்சேன்ல, அதுல உப்புப் போட மறந்துட்டேன். நீ பிரமாதம்னு சொல்லி இன்னொரு கிண்ணம் கேட்ட."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

"கடை?"

"போடத்தான் போறோம். இத்தனை வருஷம் உன் நாக்கு சொன்னதெல்லாம் என் கையில இருக்கு. எங்க போயிடும்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சுமா, ஊரே சிரிக்கிற மாதிரி என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கிப் பிடுங்கித் தின்னீங்க?"

அவர் அவளைப் பார்க்காமல் பாட்டில் மூடியைத் திருகினார்.

"முதல்ல தின்னவன்தானே ருசி சொல்லணும்? அடுத்தவங்க 'ஆமா'ன்னு சொன்னா போதுமே."