நெயில் பாலிஷ் வைத்த டம்ளர்

பாத்திரம் கழுவும் மெஷின் வந்த பிறகு அந்த வீட்டில் எனக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை மட்டும்தான். ஆனாலும் மெஷினிலிருந்து எடுக்கிற பாத்திரமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால், அதற்கும் நான்தான் காரணம். "இவதான் உள்ள எதையாவது கொட்டியிருப்பா. பாத்திர வேலை போன கடுப்பு" என்று வத்சலா அம்மா என் காதுபடவே, பழுது பார்க்க வந்த மெக்கானிக்கிடம் சொன்னாள்.

அவன் மெஷினுக்குள் விரலால் தடவிப் பார்த்தான். "யாரும் எதையும் கொட்டல மேடம். உங்க போர் தண்ணிதான் உப்பு."

"எங்க தண்ணியையா சொல்றே? இளநீர் மாதிரி இருக்கும்."

"அப்ப நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

மெஷினிலிருந்து ஒவ்வொரு டம்ளராக எடுத்தான். எல்லாவற்றிலும் வெள்ளை அப்பியிருந்தது. "இதுல ஊத்தினா ருசி தெரியாது" என்று திரும்ப வைத்துவிட்டுச் சுற்றிலும் தேடினான். ஜன்னலோரம் என் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று அதன் அடியில் வத்சலா அம்மாவே சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருந்தாள். அது மெஷினுக்குள் போகாது. நானே கழுவி, முந்தானையால் துடைத்து வைப்பேன்.

"வீட்லயே இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு" என்று அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா வாங்கவில்லை. அது என் டம்ளர் என்று நானே அவனிடம் சொல்லிவிடுவேன் என எதிர்பார்த்து என்னையே பார்த்தாள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"குடிங்கம்மா" என்றேன்.